அடுத்த பந்து என்ன? பேஸ்பாலில் ஆட்டக் கோட்பாட்டைக் கையாளத் தொடங்குபவர்களுக்கு

1988 அக்டோபர் 15. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரான உலகத் தொடரின் முதல் ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். ஓக்லாண்ட் 4-3 என்று முன்னிலையில் இருக்கிறது. பந்து வீசுபவர் டென்னிஸ் எக்கர்ஸ்லி. ஆட்டத்தை முடித்து வைக்கும் வேலையில் அந்த நாட்களில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எதிரே, இரண்டு காலிலும் காயத்தோடு நொண்டியபடி வந்து நிற்கிறார் கிர்க் கிப்சன். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். கிப்சன் ஒரு கணம் விலகி நிற்கிறார். தொடருக்கு முன்பு எதிரணியை நோட்டம் பார்த்துச் சொல்லும் தன் அணியின் ஸ்கவுட் மெல் டிடியர் சொன்னது அவருக்கு நினைவு வருகிறது: இடக்கை பேட்டருக்கு எதிராக 3-2 என்ற நிலை வந்தால் எக்கர்ஸ்லி வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வளையும் ஸ்லைடரைப் போடுவார். ஸ்லைடர்தான் வந்தது. பந்து வலப்பக்க காலரிக்குள் போய் விழுந்தது. பேஸில் இருந்த ஆளோடு சேர்த்து இரண்டு ஓட்டம். டாட்ஜர்ஸ் 5-4 என்று வென்றது.

எக்கர்ஸ்லி மட்டமான பந்தைத் தேர்ந்தெடுத்தார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஸ்லைடர் அவருடைய நல்ல ஆயுதங்களில் ஒன்று. அந்த நிலையில் அந்தப் பந்துதான் வரும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க முடிந்தது என்பதுதான் கோளாறு. ஆட்டக் கோட்பாடு பேஸ்பாலுக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். எதிராளியின் மனதை ஊடுருவிப் பார்க்கும் வித்தை எதையும் அது கற்றுத் தராது. உங்கள் மனதை அவர் படித்தாலும் அதனால் அவருக்குப் பெரிய லாபம் இல்லாதபடி ஆடுவது எப்படி என்று கற்றுத் தருகிறது.

விதிகள் அதிகம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பந்து வீசும் பிட்சருக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். அடிக்க எட்டும் எல்லைக்குள் வந்தும் பேட்டர் விட்டுவிட்ட பந்தும், அடிக்கப் பார்த்துத் தவறவிட்ட பந்தும் ஸ்ட்ரைக்; எல்லைக்கு வெளியே போய் அவர் அடிக்காமல் விட்டது பால். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட்; நான்கு பால் போனால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். மூன்று அவுட்டோடு ஓர் அணியின் முறை முடியும். பேஸ்களுக்கு இடையே 90 அடி; அவற்றைச் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகும். பந்து கையை விட்டுப் புறப்பட்ட பிறகு நிதானமாக யோசிக்க அது போதாது. ஆகவே ஒவ்வொரு பேட்டரும், ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், பாதி முடிவை முன்னதாகவே எடுத்துவிடுகிறார்.

படி 1: எதிரே ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்

எல்லா முடிவுக்கும் இந்தக் கோட்பாடு தேவையில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மைதானம் ஈரமாக இருக்கிறதா என்பவை உங்களைப் பார்த்துத் தங்கள் போக்கை மாற்றிக்கொள்ளாது. அங்கே நிகழ்தகவுக் கணக்கு போதும். நீங்கள் செய்வதைப் பார்த்து இன்னொருவர் மாறுவார், அவர் மாறுவதைப் பார்த்து நீங்கள் மாறுவீர்கள் என்றால்தான் அது 'ஆட்டம்'. ஜான் வான் நாய்மன் 1928-இல் நிறுவியதும் இத்தகைய நேருக்கு நேர் மோதலைப் பற்றித்தான். ஒருவரின் லாபம் அப்படியே மற்றவரின் நஷ்டமாக இருக்கும் இருவர் ஆட்டத்தில், தேர்வுகளைச் சரியான விகிதத்தில் கலந்து ஆடினால், எதிராளி என்ன செய்தாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே நம்மைத் தள்ள முடியாது. பிட்சர் எதிர் பேட்டர் என்பது இதற்கு அச்சு அசலான உதாரணம். ஒற்றையா இரட்டையா ஆடியவர்களுக்கு இதன் சாரம் ஏற்கெனவே தெரியும். எப்போதும் ஒற்றையையே கையில் வைத்திருப்பவன் சீக்கிரம் எல்லாவற்றையும் இழப்பான்.

படி 2: பலனை எதில் அளக்கிறீர்கள்?

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் இடம் இது. ஓட்டங்களை எண்ணுகிறீர்களா, வெற்றி வாய்ப்பையா? ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவை நெருங்க நெருங்க இரண்டும் பிரிந்துவிடும்.

1998 மே 28 அன்று அரிசோனா அணி சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக 8-6 என்று முன்னிலையில் இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். பேட் பிடித்து வந்தவர் பாரி பாண்ட்ஸ். அரிசோனாவின் மேலாளர் பக் ஷோவால்டர் அவரை வேண்டுமென்றே நடக்க விட்டார். பேஸ்கள் நிரம்பியிருந்ததால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்ந்தார்கள்; அதாவது ஓர் ஓட்டத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். 8-7. அடுத்து வந்த பிரென்ட் மெய்ன் அடித்த பந்து வலப்பக்கத்தில் பிடிபட, ஆட்டம் முடிந்தது. ஓட்டக் கணக்கில் பார்த்தால் அது தானமாகக் கொடுத்த ஓட்டம். ஷோவால்டர் போட்டதோ வெற்றிக் கணக்கு. பாண்ட்ஸ் ஒரே அடியில் ஆட்டத்தைத் திருப்பிவிடக்கூடியவர். மெய்ன் அப்படிப்பட்டவர் அல்லர். மெய்ன் அன்று நன்றாக அடித்திருந்தால் ஷோவால்டரை ஏசியிருப்பார்கள். அப்போதும் முடிவின் தரம் ஒரு துளி மாறியிருக்காது.

படி 3: நான்கு கட்டம் போடுங்கள்

ஒரு தாளில் இரண்டுக்கு இரண்டாக ஒரு கட்டம் வரையுங்கள். பிட்சரிடம் இரண்டே பந்து: வேகமாக வரும் ஃபாஸ்ட்பால், மெதுவாக வளைந்து விழும் கர்வ்பால். பேட்டரிடம் இரண்டே எதிர்பார்ப்பு: ஃபாஸ்ட்பால் வரும் என்று தயாராக நிற்பது, கர்வ்பால் வரும் என்று தயாராக நிற்பது. ஒவ்வொரு கட்டத்திலும், நூறு தடவைக்கு எத்தனை தடவை பேட்டருக்கு நல்லது நடக்கும் என்று எழுதுங்கள். விளக்கத்துக்காக நானே சில எண்களைப் போடுகிறேன்:

- ஃபாஸ்ட்பாலை எதிர்பார்த்து, ஃபாஸ்ட்பாலே வந்தால்: 40
- ஃபாஸ்ட்பாலை எதிர்பார்த்து, கர்வ்பால் வந்தால்: 10
- கர்வ்பாலை எதிர்பார்த்து, ஃபாஸ்ட்பால் வந்தால்: 20
- கர்வ்பாலை எதிர்பார்த்து, கர்வ்பாலே வந்தால்: 40

உண்மையில் பிட்சரிடம் நாலைந்து வகைப் பந்து இருக்கும். ஒவ்வொன்றையும் மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று வீசலாம். அதெல்லாம் பிறகு. இரண்டு பந்தில் கணக்கு கைவராதவருக்கு ஐந்து பந்தில் வராது.

படி 4: எதிராளிக்கு எதுவும் ஒன்றே என்றாகும் இடத்தைத் தேடுங்கள்

பிட்சர் நூற்றுக்கு 80 ஃபாஸ்ட்பால் வீசுகிறார் என்று வையுங்கள். பேட்டர் அதையே எதிர்பார்த்து நின்றால் 80-இல் 40 விழுக்காடு, 20-இல் 10 விழுக்காடு, ஆக 34. சரி, பாதிப் பாதியாக வீசினால்? இப்போது பேட்டர் கர்வ்பாலுக்குக் காத்திருப்பார். அவருக்கு 30 கிடைக்கும். 60 ஃபாஸ்ட்பால், 40 கர்வ்பால் என்று கலந்தால்? எதை எதிர்பார்த்து நின்றாலும் பேட்டருக்கு 28தான். அவர் என்ன யோசித்தாலும் பயன் ஒன்றே. இதுவே சமநிலை. இதைவிடக் குறைவான பலனில் பேட்டரை அடக்க எந்தக் கலவையாலும் முடியாது.

இதைக் கண்டுபிடிக்கச் சமன்பாடு வேண்டாம். ஒரு குறுக்கு வழி போதும். கர்வ்பால் வரும் இரண்டு கட்டங்களின் வித்தியாசத்தை எடுங்கள்: 40-இல் 10 போக 30. ஃபாஸ்ட்பால் வரும் இரண்டு கட்டங்களின் வித்தியாசம்: 40-இல் 20 போக 20. இப்போது இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஃபாஸ்ட்பாலுக்கு 30 பங்கு, கர்வ்பாலுக்கு 20 பங்கு. அதாவது 60-க்கு 40. யூகம் தவறினால் எந்தப் பந்தில் பேட்டரின் பலன் அதிகம் சரிகிறதோ, அந்தப் பந்துக்குக் குறைந்த பங்கு.

பேட்டரின் பக்கத்துக்கும் இதே வழிதான். ஃபாஸ்ட்பாலை எதிர்பார்க்கும் வரிசையின் வித்தியாசம் 30, கர்வ்பால் வரிசையின் வித்தியாசம் 20. இடம் மாற்றினால் அவர் 40 தடவைதான் ஃபாஸ்ட்பாலுக்குக் காத்திருக்க வேண்டும், 60 தடவை கர்வ்பாலுக்கு. அதிகம் வருவது ஃபாஸ்ட்பால், அதிகம் காத்திருக்க வேண்டியதோ கர்வ்பாலுக்கு! முதல்முறை இந்த விடை வந்தபோது கூட்டலில் பிழை என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை.

இன்னும் விசித்திரமான ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்து பிட்சர் தன் கர்வ்பாலைக் கூர்மையாக்குகிறார். ஃபாஸ்ட்பாலை எதிர்பார்த்து நிற்பவர் அதைத் தொடவே முடியாது. 10 என்ற எண் 0 ஆகிறது. மற்ற மூன்று கட்டங்களும் அப்படியே. இனி அவர் கர்வ்பாலை அதிகம் வீச வேண்டும் என்றுதானே தோன்றுகிறது? கணக்கைப் போடுங்கள். கர்வ்பால் வித்தியாசம் 40, ஃபாஸ்ட்பால் வித்தியாசம் 20. இடம் மாற்றினால் ஃபாஸ்ட்பாலின் பங்கு மூன்றில் இரண்டு. கர்வ்பால் 40-இலிருந்து 33 விழுக்காடாகக் குறைகிறது! காரணம் எளிது. அந்தக் கர்வ்பாலுக்குப் பயந்து பேட்டர் முன்னைவிட அதிகம் அதற்கே காத்திருப்பார். மூன்றில் இரண்டு தடவை. அப்போது ஃபாஸ்ட்பால் அவரைத் தாண்டிப் போகும். பேட்டரின் பலன் 28-இலிருந்து 27-க்கும் கீழே இறங்குகிறது. புதிய ஆயுதத்தின் பலன் பழைய ஆயுதத்தின் வழியாக வந்து சேர்கிறது. பேஸ்பாலில் ஆட்டக் கோட்பாடு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நிலை மாறினால் கட்டத்தின் எண்களும் மாறும். மூன்று பால், ஸ்ட்ரைக் இல்லை என்ற நிலையில் இன்னொரு பால் போனால் பேட்டர் நடந்துவிடுவார். கட்டுப்படுத்தக் கடினமான கர்வ்பால் அங்கே பிட்சருக்கு ஆபத்து. பால் இல்லாமல் இரண்டு ஸ்ட்ரைக் என்றால் தலைகீழ்: ஒரு பந்தை வீணடிக்க அவருக்கு வசதி இருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கட்டம் போட்டுப் பழகுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம், 3-1, 0-2, 3-2 மூன்றும் போதும்.

படி 5: கலைத்துப் போடுங்கள், உண்மையாகவே

60-க்கு 40 என்று தெரிந்துவிட்டது. ஆனால் மூன்று ஃபாஸ்ட்பால், இரண்டு கர்வ்பால் என்று வரிசை வைத்து வீசினால் விகிதம் சரியாக இருக்கும், ஆட்டம் போய்விடும். ஒழுங்கே இல்லாமல் கலைப்பது மனித மனதுக்கு ஒத்துவராத வேலை. 'இப்போதுதானே ஃபாஸ்ட்பால் போட்டோம், மாற்றிப் போடுவோம்' என்று அது தானாகவே தாவும். கென்னத் கோவாஷும் ஸ்டீவன் லெவிட்டும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் உச்சநிலை லீக்கான மேஜர் லீக்கில் வீசப்பட்ட 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை அலசினார்கள். இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, பிட்சர்கள் ஃபாஸ்ட்பாலை அளவுக்கு மீறி வீசினார்கள். இரண்டு, ஒரு வகைப் பந்தை வீசிய பிறகு அடுத்ததாக வேறு வகைக்கு மாறுவது, தற்செயலில் நடக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. கோடிகளில் சம்பளம் வாங்குபவர்களுக்கே இந்தப் பழக்கம் இருக்கிறதென்றால் நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெளியே இருக்கும் ஏதாவது ஓர் எண்ணைக் கடன் வாங்குங்கள். மைதானத்தில் விநாடி காட்டும் கடிகாரம் இருந்தால், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எந்தப் பந்து வீசுவது என்று பிட்சருக்கு விரலால் சைகை காட்டும் கேட்சர் அதை ஒரு முறை பார்க்கட்டும். விநாடியின் கடைசி இலக்கம் 0 முதல் 5 வரை என்றால் ஃபாஸ்ட்பால், 6 முதல் 9 வரை என்றால் கர்வ்பால். கடிகாரம் இல்லையென்றால், பகடை உருட்டி ஐம்பது பந்துகளுக்கான வரிசையை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையில் ஒரே பந்து நாலு தடவை தொடர்ந்து வரும். வரட்டும். அதைத் திருத்தக் கை பரபரக்கும், திருத்தாதீர்கள்.

படி 6: பேஸ் திருட்டில் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பேட்டர் அடிப்பதற்குக் காத்திராமல், பிட்சர் வீசும் நேரத்தில் ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு. இங்கே முதலில் வெறும் கணக்கு. யாரும் அவுட் ஆகாமல் முதல் பேஸில் ஓர் ஆள் இருந்தால், மேஜர் லீக்கில் அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.85 ஓட்டம் அளவில் வரும். அவர் இரண்டாவது பேஸைத் திருடிவிட்டால் சுமார் 1.1. பிடிபட்டு, ஓர் அவுட்டோடு பேஸ்கள் காலியானால் சுமார் 0.25. திருடினால் லாபம் 0.25, பிடிபட்டால் நஷ்டம் 0.60. ஆகவே பத்துக்கு ஏழு தடவைக்கு மேல் தப்பிக்க முடியாதவர் ஓடவே கூடாது.

இனி ஆட்டம். பேஸில் நிற்பவர் எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம் என்பதை, பிட்சர் திடீரென்று அங்கே பந்தை எறிந்துவிடுவாரோ என்ற பயம்தான் தீர்மானிக்கிறது. 2004 அக்டோபர் 17 அன்று பாஸ்டன் அணிக்காக டேவ் ராபர்ட்ஸ் முதல் பேஸில் மாற்று ஓட்டக்காரராக வந்து நின்றபோது, அவர் திருடத்தான் வந்திருக்கிறார் என்று அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அடுத்து பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார்; மயிரிழையில் தப்பினார். பிறகு அவர் எடுத்த ஓட்டம் ஆட்டத்தைச் சமமாக்கியது. பாஸ்டன் 12-ஆவது இன்னிங்ஸில் வென்றது.

2023 முதல் விதி வேறு. ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் தாராளமாக அப்படி எறியலாம், அல்லது வீசும்போது கால் வைக்கும் பலகையை விட்டு விலகலாம். மூன்றாவது முறை எறிந்து ஆளை அவுட் ஆக்காவிட்டால், ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ் இலவசம். ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். இரண்டு எறிதலும் தீர்ந்த பிறகு என்ன நடக்கும்? மூன்றாவது எறிதலுக்குப் பெரிய விலை இருப்பதால் ஓட்டக்காரர் துணிந்து விலகி நிற்பார். அப்படியானால் இரண்டாவது எறிதலின் உண்மையான விலை, அதற்குப் பிறகு பயமுறுத்த ஒன்றும் கையில் இல்லாமல் போவது. முதல் எறிதல் மலிவு; இரண்டாவதைக் கடைசி அம்பு போலக் கையில் வைத்திருக்க வேண்டும். எய்யாத வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. ஆனால் ஓட்டக்காரரும் பேராசைப்படக் கூடாது. அளவு மீறி விலகினால் மூன்றாவது எறிதலே பிட்சருக்கு லாபமாகிவிடும்.

அதே ஆண்டு பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக உயர்ந்ததும் சேர்ந்துகொண்டது. மேஜர் லீக்கில் 2022-இல் 2,486 ஆக இருந்த திருட்டுகள் 2023-இல் 3,503 ஆயின.

படி 7: களத்தில் நிற்பவர்களையும் கணக்கில் சேருங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 1946 ஜூலையில் கிளீவ்லாந்தின் மேலாளர் லூ பூட்ரோ, பாஸ்டனின் இடக்கை பேட்டர் டெட் வில்லியம்ஸுக்கு எதிராகத் தன் ஆட்களை வலப்பக்கம் குவித்தார். காலியான இடப்பக்கம் தட்டிவிட வேண்டியதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். வில்லியம்ஸ் பெரும்பாலும் கேட்கவில்லை. அதில் நியாயமும் இருந்தது. அவர் வலப்பக்கம் அடித்தால் வேலி தாண்டும். இடப்பக்கம் தட்டினால் ஒரு பேஸ். அந்தச் செப்டம்பரில் ஒரு முறை காலியான பக்கம் அடித்தார். பந்து வேலியைத் தாண்டவில்லை. ஓடியே நான்கு பேஸையும் முடித்தார். பாஸ்டன் 1-0 என்று வென்று லீக் பட்டத்தை உறுதி செய்தது. எப்போதாவது ஒரு முறை அப்படி அடிக்கக் கூடியவர் என்ற சந்தேகம் இருந்தால்தான் எதிரணியால் எல்லோரையும் ஒரே பக்கம் குவிக்க முடியாது. மூன்றாவது பேஸ்காரர் பின்னால் தள்ளி நிற்கும்போது பேட்டை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டி விடும் பன்ட்டும் இதே வகை. 2023 முதல் உள்களத்தின் நால்வரில் இரண்டிரண்டு பேர் இரண்டாவது பேஸின் இரு பக்கமும் நிற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், இந்தக் கணக்கின் ஒரு பகுதி இப்போது விதிப்புத்தகத்துக்குள் போய்விட்டது.

படி 8: ரகசியத்துக்கு விலை போடுங்கள்

நம் கட்டத்துக்கே திரும்புவோம். வரப்போகும் பந்து பேட்டருக்கு முன்பே தெரிந்துவிட்டால் அவருக்கு எப்போதும் 40. சமநிலையில் 28. இடையில் உள்ள 12தான் கேட்சரின் சைகைக்குள் ஒளிந்திருக்கும் மதிப்பு. 2017-இல் ஹூஸ்டன் அணி கேமராவில் சைகையைப் பார்த்துக் குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டர்களுக்குத் தெரிவித்ததும், 2020 ஜனவரியில் லீக் அந்த அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் விதித்ததும் இந்தப் பன்னிரண்டுக்காகத்தான். 2022 முதல் கேட்சரும் பிட்சரும் மின்னணுக் கருவி வழியே பேசிக்கொள்ள அனுமதி இருக்கிறது. உங்கள் அணியில் கருவி இல்லையென்றால், இரண்டாவது பேஸில் எதிரணி ஆள் வந்து நின்றவுடன் சைகையை மாற்றுங்கள். அங்கிருந்து கேட்சரின் விரல்கள் நேராகத் தெரியும்.

படி 9: எப்போது விகிதத்தை விட்டு விலகலாம்?

சமநிலை என்பது தற்காப்பு. எதிராளியின் பழக்கம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அதைத் தின்ன வேண்டியதுதான். கிப்சன் செய்தது அதுவே. ஆனால் நீங்கள் விலகும் ஒவ்வொரு அடியும் அவர் உங்களைத் தின்ன ஒரு வாய்ப்பு. ஐந்தாறு பந்தைப் பார்த்து 'பழக்கம்' என்று முடிவு கட்டாதீர்கள். நாணயத்தைச் சுண்டினாலும் ஐந்து தடவை தலை விழும்.

கலக்கவே தேவையில்லாதவர்களும் உண்டு. ரிவேரா பெரும்பாலும் கட்டர் என்ற, கடைசி நேரத்தில் லேசாக விலகும் ஒரே வகைப் பந்தை வீசி 652 ஆட்டங்களில் தன் அணியின் முன்னிலையைக் காத்து முடித்து வைத்தார். எதிர்பார்த்து நின்றாலும் அடிக்க முடியாத பந்து ஒன்று கையில் இருந்தால், மற்ற கட்டங்களுக்கு வேலை இல்லை. அவரும் உள்ளேயா வெளியேயா என்பதை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

படி 10: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு பந்துக்கும் நான்கு குறிப்பு போதும்: அப்போதைய பால்-ஸ்ட்ரைக் நிலை, என்ன வீசினோம், அதற்கு முந்தைய பந்து என்ன, விளைவு என்ன. பத்து ஆட்டம் ஆன பிறகு கூட்டிப் பாருங்கள். உங்கள் கலவை சரியாக இருந்தால் ஃபாஸ்ட்பாலிலும் கர்வ்பாலிலும் பேட்டர்களின் பலன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஃபாஸ்ட்பாலில் மட்டும் அதிகம் அடி வாங்கினால் அதைக் கொஞ்சம் குறையுங்கள்; ஒரேயடியாக அல்ல, நூற்றுக்கு ஐந்து என்ற அளவில். பிறகு 'முந்தைய பந்து' பத்தியைத் தனியாகப் பாருங்கள். ஃபாஸ்ட்பாலுக்குப் பின் கர்வ்பால் வரும் விகிதமும், கர்வ்பாலுக்குப் பின் கர்வ்பால் வரும் விகிதமும் மிகவும் விலகியிருந்தால் நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள்.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அந்த நோட்டை மட்டும் எதிரணியின் பெஞ்சுப் பக்கம் மறந்து வைத்துவிடாதீர்கள்.